கோஸ்தாச் சரிவில் பதினோரு கிலோ ஆணி

லுக்ரேசியா வீட்டுக் கூத்தில் எனக்கும் ஒரு பங்கு உண்டு. ஆணி கொடுத்தவன் நான்தான். அதை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் எங்கள் செரெசேனி ஊர்க்காரர்கள் கண் மூக்கு காது வைத்து வேறு மாதிரிச் சொல்லிவிடுவார்கள்.

பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே என் கடை. முன்பக்கம் ரொட்டி, உப்பு, ரப்பர் பூட்ஸ், ஆணி. பின்பக்கம் நாலு மேசை, பீர். ஊரில் யாருக்கு எந்தப் பல் வலிக்கிறது என்பது வரைக்கும் இங்கே தெரிந்துவிடும். லுக்ரேசியா வீடு என் வேலிக்கு அந்தப் பக்கம். அவர்கள் அடுப்பில் வெங்காயம் கருகினால் எனக்குத் தும்மல் வரும்.

அவளுக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது. விடிவதற்குள் வேன் ஏறி டவுனில் இருக்கும் செருப்புக் கம்பெனிக்குப் போவாள். ஷூவுக்கு மேல்தோல் தைக்கும் வேலை. நாலு மணிக்குத் திரும்பி, மாட்டுக்குத் தண்ணீர் காட்டி, கோழியை அடைத்து, மிச்சம் இருக்கிற வெளிச்சத்தில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, மண்ணுக்குள் உலோகம் இருந்தால் கத்தும் கோலோடு நிலத்தில் இறங்கிவிடுவாள். அதற்குப் போலீசில் வாங்கிய அனுமதிச் சீட்டு இருக்கிறது. டவுனில் இவளைப் போன்ற பைத்தியங்களுக்கு ஒரு சங்கமும் இருக்கிறது. ஊரில் இவளுக்கு ‘ரேடார்’ என்று பேர். கூப்பிட்டால் கோபித்துக்கொள்ள மாட்டாள்.

செப்டம்பர் கடைசி. இரண்டாம் தடவை வெட்டிய புல்லையும் பரணில் ஏற்றியாகிவிட்டது. ஒரு வியாழக்கிழமை, வெயில் இறங்குகிற நேரம், லுக்ரேசியா வேலி ஓரமாக வந்து நின்றாள். இடுப்பில் கட்டிய ஏப்ரன் துணியில் எதையோ சுற்றி வயிற்றோடு அணைத்திருந்தாள்.

“கடைல யாரும் இருக்காங்களா?”

“ஒருத்தரும் இல்ல. என்ன, பேயறஞ்ச மாதிரி நிக்கிற?”

துணியைப் பிரித்தாள். உள்ளங்கை நீளத்துக்கு ஒரு கோடரி. காம்பு செருகத் துளை விட்டு வார்த்த வெண்கலம். மேலெல்லாம் பாசிப் பச்சை. நான் தொடப் போனேன், கையைத் தட்டிவிட்டாள்.

“எங்க கோஸ்தாச் சரிவுல. ரெண்டு ஜாண் ஆழம். இதுக்குக் கீழ இன்னொண்ணு இருக்கு. அதுக்குப் பக்கத்துல இன்னொண்ணோட விளிம்பு. அதோட நிறுத்திட்டேன்.”

“நிறுத்திட்டியா? ஏன்?”

“ஏன்னா கேக்குற? கோஸ் பீப்பாய் மறந்து போச்சா ஒனக்கு?”

எப்படி மறக்கும். பதினோரு வருஷத்துக்கு முன் இவள் முதல்முதலாக ஒரு வெண்கலக் காப்பு கண்டெடுத்தாள். பச்சைப் பச்சையாய் அசிங்கமாக இருக்கிறதே என்று, குளிர்காலத்துக்கு முட்டைக்கோஸ் ஊறப் போட்ட பீப்பாயின் புளித்தண்ணீரில் ஒரு வாரம் முக்கி வைத்தாள். பிறகு கம்பிப் பிரஷ் போட்டுத் தேய்த்தாள். தங்கம் தோற்றது. ஈஸ்டர் பூசைக்கு அதைப் போட்டுக்கொண்டு வந்தபோது பெண்கள் ஒருத்தியும் பாதிரியார் முகத்தைப் பார்க்கவில்லை. அந்த வருஷக் கோஸைத் தின்ற அவள் புருஷன் காவ்ரீல் மூன்று நாள் கொல்லைக்கும் கட்டிலுக்குமாக நடந்தான்.

அதற்கப்புறம் அதை மாவட்ட அருங்காட்சியகத்துக்கு எடுத்துப் போனாள். அங்கே ஒட்டிலியா என்று ஒரு பெண், தொல்லியல் படித்துவிட்டு வேலைக்குப் புதிதாகச் சேர்ந்தவள், அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாளாம். திட்டவில்லை. “இதுமேல கோடு கோடா வேலைப்பாடு இருந்திருக்கும் அக்கா, எல்லாம் தண்ணியோட போச்சு. எந்த எடத்துல கிடந்துச்சு? எவ்வளவு ஆழம்? கூட வேற என்ன இருந்துச்சு?” என்று மட்டும் கேட்டாளாம். இவளுக்கு ஒன்றுக்கும் பதில் தெரியவில்லை. “நான் தோண்டினேன், அவ்வளவுதான் எனக்குத் தெரிஞ்சுது. மூவாயிரம் வருஷம் பத்திரமா இருந்தத நான் ஒரு வாரத்துல தீத்துட்டேன்” என்று என்னிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பாள் என்று கணக்கில்லை. அந்த அவமானம்தான் அவளை ஒழுங்காகத் தேடக் கற்றுக்கொள்ள வைத்தது.

வெள்ளிக்கிழமை கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டுக் கோடரியை மேயர் ஆபீசில் ஒப்படைத்துச் சீட்டு வாங்கினாள். கிடைத்த பொருளை மூன்று நாளைக்குள் ஒப்படைக்க வேண்டும் என்பது சட்டம். அங்கிருந்தே ஒட்டிலியாவுக்குப் போன் போட்டாள். அவள் மாவட்டத்தின் வேறொரு மூலையில் அகழாய்வுக் குழி தோண்டிக்கொண்டிருந்தாள்.

“திங்கக்கிழமை காலைல வந்துடறேன் அக்கா. அதுவரைக்கும் யாரையும் தொட விடாதீங்க.”

“புழுகூடத் தொடாதும்மா.”

மேயர் ஆபீசில் சொன்னது ஊருக்குத் தெரிய எவ்வளவு நேரம் ஆகும். மத்தியானமே என் நாலு மேசையும் நிறைந்துவிட்டது. காவ்ரீலின் தம்பி திராயான் ஊற்றிய பீர் நுரை அடங்கும் முன்பே ஆரம்பித்துவிட்டான். அவன் ஓட்டுவது மண்வாரும் வண்டி. எதைப் பார்த்தாலும் வாரத் தோன்றும்.

“மதினி, பத்து நிமிஷம். வண்டிய கொண்டாந்து ஒரு வாரு வாரினா மொத்தமும் வெளிய வந்துடும். இதுக்குப் போயி திங்கக்கிழமை வரைக்கும் தேவுடு காக்கணுமா?”

ரொட்டி வாங்க வந்திருந்த லுக்ரேசியா திரும்பிப் பார்த்தாள். “ஒன் வண்டில வாரினா என்ன வரும் கொழுந்தனாரே? இரும்புக் கடைக்குப் போடற சாமான் வரும். எது மேல எது இருந்துச்சு, யாரு எப்பிடி அடுக்குனாங்க, அதெல்லாம் வருமா?”

“அதத் தெரிஞ்சு என்ன பண்ணப் போற? வெச்சவன் செத்து மூவாயிரம் வருஷமாச்சு. சண்டைக்கா வரப் போறான்?”

“வரமாட்டான்னுதான் நான் காவலுக்கு இருக்கேன்.”

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். ஆனால் போகும்போது நிமிர்ந்து போனாள். சரிவில் அந்த இடத்தில் புல்லோடு வெட்டிய மண்கட்டியைத் திரும்ப வைத்து அமுக்கியிருந்தாள். உலோகம் தேடுகிற நல்ல ஆளுக்கு அதுதான் பெருமை. தோண்டின தடம் தோண்டினவனுக்கே தெரியக் கூடாது. அடையாளத்துக்கு ஒரு ஹேசல் மரக் குச்சியை மட்டும் ஊன்றியிருந்தாள். சரிவில் நிற்கும் பேரி மரத்திலிருந்து எத்தனை அடி என்று எண்ணவில்லை. அவளிடம் இருந்தது பொத்தான் போன், இடத்தைக் குறித்துவைக்கிற வசதியெல்லாம் அதில் கிடையாது. சொந்த நிலம், பக்கத்தில் குச்சி. தன் அடுப்புக்கு யாராவது வழி எழுதி வைப்பார்களா?

சனிக்கிழமை அவளுக்குக் கம்பெனியில் அரைநாள் ஷிப்ட், விட முடியவில்லை. பத்து மணிக்கு வெளிமாவட்ட நம்பர் போட்ட கார் ஒன்று என் கடை முன்னால் நின்றது. இரண்டு பேர். காளான் பொறுக்க வந்தோம் என்றார்கள். கையில் கூடை இல்லை. கோஸ்தா என்கிற சரிவு எந்தப் பக்கம் என்று கேட்டார்கள். காளானுக்கு நிலத்தின் பேர் எதற்கு? நான் எதிர்த்திசையில் கையைக் காட்டிவிட்டேன். காவ்ரீல் உள்ளே உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். டிராக்டர் மெக்கானிக். வாய் சின்னது, கை பெரியது. கார் போனதும் எழுந்து வந்தான்.

“ஆணி எவ்வளவு இருக்கு ஒங்கிட்ட?”

“எந்த ஆணி?”

“எல்லா ஆணியும்.”

கூரை ஆணி, லாட ஆணி, பெட்டி ஆணி, துருப்பிடித்தது எல்லாம் சேர்த்து எடை போட்டேன். பதினோரு கிலோ. எதற்கு என்று நான் கேட்கவில்லை. பின்பக்கம் சாக்கில் கிடந்த பீர் பாட்டில் மூடிகளையும் வேண்டும் என்றான். அதையும் கொடுத்தேன். கேட்டிருக்க வேண்டும்.

மனிதன் நேராகச் சரிவுக்குப் போய், இடுப்பில் சாக்கைக் கட்டி, கோதுமை விதைக்கிற மாதிரியே கையை வீசி வீசி மேலிருந்து கீழ் வரைக்கும் ஆணி விதைத்தான். களவாணிகள் வந்தால் கால் வைக்கிற இடமெல்லாம் கருவி கத்தும், எதைத் தோண்டுவது என்று தெரியாமல் ஓடிவிடுவார்கள் என்று யோசனை. யோசனை சரிதான். எங்கள் பக்கத்தில் அப்படிச் செய்கிறவர்கள் உண்டு. அதோடு விட்டிருக்கலாம். குச்சி நின்றால் காட்டிக்கொடுக்கும் என்று அதையும் பிடுங்கி எறிந்துவிட்டான்.

இரண்டு மணிக்கு வேனிலிருந்து இறங்கியவளிடம் அவனே ஓடிப்போய்ச் சொன்னான். அவ்வளவு சந்தோஷம் அவன் முகத்தில். நான் வேலிக்கு இந்தப் பக்கம் தக்காளிச் செடி பிடுங்குகிற சாக்கில் நின்றேன்.

“குச்சிய எங்க எறிஞ்ச?” என்று மட்டும் கேட்டாள்.

“கீழ ஓடைல.”

“எந்த எடத்துல நின்னுச்சுன்னு பாத்து வெச்சியா?”

“நீ பாத்து வெச்சிருப்பேன்னு...”

அவள் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். “ஏ மனுசா. திருடன் வந்து ஏமாறணும்னு நீ ஆணி போட்ட. என் கருவியும் அதே கருவிதான? இரும்பு மேல கிடந்து கத்துச்சுன்னா கீழ இருக்கிற வெண்கலத்தோட சத்தம் எங்க கேக்கும் எனக்கு? அந்த பீர் மூடி ஒவ்வொண்ணும் வெண்கலம் மாதிரியே பொய் சொல்லும்.”

“எனக்கு எப்பிடித் தெரியும்? நான் ஒனக்காகத்தான...”

“தெரியும். அதான் திட்ட முடியல.”

ஞாயிற்றுக்கிழமை முழுக்க மழை. அந்த வீட்டில் மக்காச்சோள மாவில் மாமலிகாக் களி கிளறுகிற கரண்டிச் சத்தம் கேட்டது, பேச்சுச் சத்தம் கேட்கவில்லை. மழையில் சரிவின் புல் எல்லாம் ஒரே மாதிரி நிமிர்ந்துகொண்டது. அவள் அவ்வளவு அழகாக மூடியிருந்தாள், பாவம்.

திங்கட்கிழமை ஒட்டிலியா இரண்டு மாணவர்களோடு வந்தாள். காதோரம் நரைத்திருந்தது. லுக்ரேசியா பேரி மரத்தடியில் நின்று கண்ணை மூடினாள், நடந்தாள், “இங்கதான்” என்றாள். குழி போட்டார்கள், மண்தான். நாலடி தள்ளி இன்னொன்று. அதுவும் மண். கருவியைப் போட்டால் சரிவு முழுக்க ஒப்பாரி. சாயங்காலம் மூன்று வெறும் குழிகள், பக்கத்தில் ஒரு குவியல் ஆணி. குழி ஓரத்தில் சாப்பாடு போட வந்திருந்தேன். பன்றிக் கொழுப்பும் வெங்காயமும் ரொட்டியும், யாரும் சரியாகத் தொடவில்லை.

மேயர் வந்தார். தொண்டையைச் செருமினார். “ஊர்ல ஒரு பேச்சு இருக்கு. ஒண்ண மட்டும் ஒப்படச்சுட்டு மிச்சத்த வேற எங்கயோ... நான் சொல்லல, பேச்சு.”

ஒட்டிலியா அவரைப் பார்க்கவில்லை. லுக்ரேசியாவைத் தனியே கூப்பிட்டு மெதுவாகக் கேட்டாள்: “அக்கா, நாளைக்குச் சாயங்காலம் நான் கெளம்பியாகணும். அங்க தோண்டினது தொறந்து கிடக்கு. ஒரு தடவ கேட்டுடறேன். நீங்க பாத்தது கோடரிதானா? கல்லா இருந்திருக்காதே?”

அந்த மென்மைதான் அவளைக் கொன்றது. “நெருப்புல கை வெக்கச் சொல்லு, வெக்கறேன்” என்றாள். “மூணு கோடரி என் கண்ணால பாத்தேன். பாத்ததும் நிறுத்தினேன். என் வாழ்க்கைல நான் ஒழுங்கா செஞ்ச ஒரே காரியம்மா அது. அதுவே பொய்னு ஆகிடும்போல இருக்கு.”

அன்றைக்கு என் கடையில் திராயான் வாயைத் திறந்தான். “மதினி நல்லவதான். ஆனா யாரு தங்கத்தப் பாத்து...” காவ்ரீல் எழுந்து நின்றான். அவன் தம்பியை அடித்து நான் பார்த்ததில்லை, அன்றும் அடிக்கவில்லை. “ஒன் வண்டியோட பழைய சாமான் கெடக்கற கொட்டில் சாவி குடு” என்றான். அவ்வளவுதான்.

செவ்வாய்க்கிழமை விடியும்போது காவ்ரீல் முற்றத்தில் இரும்பைப் பற்றவைக்கிற வெளிச்சம் பளிச்சிட்டது. டிராக்டரில் இழுக்கிற வைக்கோல் வாரும் சீப்பின் பற்களையெல்லாம் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் காந்தங்களை மாட்டிக்கொண்டிருந்தான். பழைய ஒலிபெருக்கிக் காந்தம், டைனமோ காந்தம், திராயான் கொட்டிலில் கிடந்த ஒரு தட்டுக் காந்தம். இரும்பை மட்டும் தூக்கும், வெண்கலத்தைத் தொடாது. இவ்வளவு எளிய விஷயம் எங்கள் ஒருத்தர் மண்டையிலும் ஏறவில்லை. ஆணி விதைத்தவனுக்குத்தான் அறுக்கவும் தோன்றியது.

எட்டு மணிக்கு இரண்டு கார்கள் வந்தன. லுக்ரேசியாவின் சங்கத்து ஆட்கள் ஏழு பேர். முன்னால் அர்பாத், ரயில்வேயில் சிக்னல் பார்க்கிறவர், எங்கள் மொழியை ஹங்கேரிய ராகத்தில் பேசுவார். லீவு போட்டுவிட்டு வந்திருந்தார்.

“லுக்ரேசியா, நீ பொய் சொல்றவளா இருந்தா அந்தக் காப்பு கதைய எங்ககிட்ட சொல்லியிருக்கவே மாட்டே. எங்க ஆரம்பிக்கணும்?”

“மேல இருந்து.”

காவ்ரீல் டிராக்டரை ஆமை வேகத்தில் ஓட்டினான். பின்னால் சீப்பு தரையை உரசாமல் விரல்கடை உயரத்தில் வந்தது. ஆணிகள் துள்ளித் துள்ளி ஏறி ஒட்டின. வரி முடிவில் நிறுத்தி, கையுறை போட்டுக்கொண்டு உருவி வாளியில் போட்டோம். நான் கடையைச் சாத்திவிட்டு வந்துவிட்டேன், என் ஆணி, நான் பொறுக்காமல் யார் பொறுக்குவது. பத்து மணிக்குச் சும்மா வேடிக்கை பார்க்க வந்த பெண்கள் பதினோரு மணிக்கு முட்டி போட்டுக்கொண்டிருந்தார்கள். மழையில் மண்ணுக்குள் இறங்கியதை அர்பாத் ஆட்கள் கருவி வைத்துக் காட்ட, அவர்கள் விரலால் நோண்டி எடுத்தார்கள். இடுப்பு ஒடிந்தது. பேச்சு ஓயவில்லை.

“காவ்ரீல், அடுத்த வருஷம் என்ன வெதைக்கப் போற, குதிரை லாடமா?”

“வெளைச்சல் பரவால்ல, ஒண்ணுக்கு ஒண்ணு.”

“ரேடாரக் கட்டினவனுக்குப் புத்தி போறதப் பாரு.”

காவ்ரீல் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டான். திராயானும் வந்தான். ஒரு வாளியை எடுத்துக்கொண்டு அண்ணன் பின்னால் நடந்தான். மத்தியானம் லுக்ரேசியா புளிப்புச் சூப் கொண்டுவந்து ஊற்றும்போது அவன் கிண்ணத்தில்தான் இறைச்சி அதிகம் விழுந்தது.

நாலு மணி. சரிவு அமைதியாகிவிட்டது. கருவிகள் ஊமையாக ஆடிக்கொண்டிருந்தன. ஒட்டிலியா இரண்டு தடவை கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். அர்பாத் தன் ஆட்களைக் கையமர்த்தி நிறுத்தினார். “இனி அவ மட்டும் நடக்கட்டும்” என்றார்.

லுக்ரேசியா ஹெட்போனை மாட்டிக்கொண்டு மேலிருந்து இறங்கினாள். நாற்பது ஐம்பது பேர் ஓரமாக நின்றோம். ஒரு வரி போனாள், ஒன்றுமில்லை. இரண்டாவது, ஒன்றுமில்லை. மூன்றாவது வரியில், திங்கட்கிழமைக் குழிகளிலிருந்து சரிவில் பதினைந்து அடி கீழே தள்ளி, நின்றாள். கோலை இடம் வலமாக ஆட்டினாள். பிறகு ஹெட்போனைக் கழற்றி, தன் பக்கத்தில் நின்ற ஒட்டிலியாவின் காதில் வைத்தாள். ஒட்டிலியா முகம் மாறியதை எல்லோரும் பார்த்தோம்.

ஒட்டிலியா கரண்டியையும் பிரஷ்ஷையும் எடுத்துக் குப்புறப் படுத்தாள். மண்ணைத் தூள் தூளாக விலக்கினாள். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது, ஒருவரும் நகரவில்லை. முதலில் பச்சை விளிம்பு ஒன்று, அதை ஒட்டி இன்னொன்று. பதினேழு கோடரிகள். குவித்துப் போட்டதில்லை. வெட்டுவாய் எல்லாம் உள்பக்கம் பார்க்க, துளை எல்லாம் வெளிப்பக்கம் பார்க்க, வட்டமாக, ஒன்றன் தோளில் ஒன்று சாய்த்து வைத்திருந்தார்கள். நடுவில் கை அகலத்துக்கு ஒரு சின்ன வெண்கல வளையம். யாரோ ஒருத்தர் முட்டி போட்டு, அவசரப்படாமல், யோசித்து யோசித்து வைத்திருக்கிறார். அந்தக் கை அப்போதுதான் விலகிப் போன மாதிரி இருந்தது.

ஒட்டிலியா எழுந்து மண் கையாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “அக்கா, பதினோரு வருஷத்துல இந்த மாதிரி முப்பது குவியல் எங்கிட்ட வந்திருக்கு. பிளாஸ்டிக் பைல, வாளில, ஒரு தடவ கோழித் தீவன மூட்டைல. வெச்சது எப்பிடின்னு ஒண்ணுலகூட நான் பாத்ததில்ல. இதான் மொத தடவ. நாளைக்கும் நான் எங்கயும் போகல, அங்க தார்ப்பாய் போட்டு மூடச் சொல்லிட்டேன்.”

லுக்ரேசியா தலையை ஆட்டினாள். அழவில்லை. அவள் அப்படி நின்றதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. ஈஸ்டருக்குக் காப்புப் போட்டு வந்தபோதுகூட இவ்வளவு அழகாக இல்லை. சொன்னால் என் வீட்டில் அடி விழும், இருந்தாலும் சொல்கிறேன்.

“இன்னைக்கு எடுக்க வேண்டாம்மா” என்றாள். “வெளிச்சம் இருக்கற வரைக்கும் ஊரு வந்து பாக்கட்டும். இப்பிடிக் கிடக்கறத.”

வரிசை நின்றது. ஒவ்வொருத்தராகக் குழி ஓரம் வந்து, குனிந்து பார்த்துவிட்டு நகர்ந்தார்கள். திராயான் தொப்பியைக் கழற்றினான். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, “நல்லவேள நான் வாரல, மதினி” என்றான். காவ்ரீல் கடைசியாக வந்தான். கையெல்லாம் ஆணி கீறிய ரத்தக்கோடுகள்.

“ஒண்ணும் சொல்ல மாட்டியா?” என்றாள் அவள்.

“என்ன சொல்ல. நான் பாத்திருந்தா அன்னைக்கே தோண்டியிருப்பேன், லுக்ரேசியா. யாரா இருந்தாலும் தோண்டியிருப்பான்.”

அப்போதுதான் மேயர் போட்டோக்காரனைக் கூட்டிக்கொண்டு வேகவேகமாக வந்தார். கோடரியோடு நின்று ஒரு படம் வேண்டும், ஒன்றை மட்டும் மேலே எடுக்கட்டும் என்றார். சொல்லிக்கொண்டே குழி ஓரத்தில் காலை வைத்தார். காவ்ரீல் தன் பெரிய கையை அவர் மார்புக்கு நேராக நீட்டினான். வாழ்க்கையில் முதல் தடவையாக அவன் ஊர் முழுக்கக் கேட்கும்படி பேசினான்.

“கால எடுங்க. மூவாயிரம் வருஷத்துல இதப் பாத்தும் வாரி எடுக்காம விட்டவ ஒருத்திதான் இருக்கா. என் பொண்டாட்டி. அவ சொல்லட்டும், அப்ப எடுக்கலாம்.”

மேயர் காலை எடுத்தார். வரிசையின் கடைசிக்குப் போய் நின்றுகொண்டார்.